மாடனிடம் அளவு சொல்லவில்லை

“…அம்பத்தொண்ணே கால்தான் மச்சான், இனி நீங்க ஒரு சட்டிச் சோறு இருந்து தின்னாலும் பேடிக்க வேண்டாம். நம்ம டீமுக்கு மாடன் தந்த வரமல்லே நீங்க” என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். எடை மெஷினைவிட்டு இறங்கிய அப்பா, நழுவுகிற நிக்கரை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையை முத்திரை குத்துகிறவரிடம் நீட்டினார். முன்கையில் ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை விழுந்தது. அந்த வரத்தை மாடனிடம் போய்க் கேட்டவள் நான். கேட்டதைத் திருப்பிக் கொடுக்கும் வழி தெரியாமல் மூன்று மாதமாக முழித்துக்கொண்டிருந்தவளும் நான்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று வடம்வலி என்கிற கயிறிழுப்புப் போட்டி சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. வித்துராவிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி, கிழக்கேகோட்டையில் இறங்கி, ஆட்டோக்களில் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கி உட்கார்ந்து அந்த மைதானத்துக்கு வந்திருந்தோம். டீமோடு வந்த ஒரே பெண்பிள்ளை நான். அப்பா எங்கே போனாலும் நானும் வருவேன் என்று அந்த நாட்களில் அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாசம் இல்லாமலில்லை, ஆனால் அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. நான் பார்க்காத நேரத்தில் அப்பா இன்னும் ஒரு கிலோ குறைந்துவிடுவார் என்ற பயம்.

வடம்வலி என்றால் ஓணத்துக்கு இலவசமாகக் கயிறு இழுத்துவிட்டு வாழைக்குலையோடு வீட்டுக்குப் போகிற விளையாட்டு என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் மலையோரத்தில் அது ஓணத்துக்குத் தொடங்கி மாங்காய் பிடிக்கும் காலம்வரை நடக்கிற சீசன். அதில் இரண்டு நிலை உண்டு. இரண்டாம் நிலையில் ஜெயித்தால் குலையும், ஆடும், பேட்டாவும் கிடைக்கும். முதல் நிலைக்குப் போய்விட்டால் வேறு உலகம். சுவரில் போஸ்டர், டீமுக்கு வேன், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சம்பளம். மாமா அதை ஒரே வரியில் சொல்வார்: “இரண்டாம் நிலைக்காரன் திங்கக்கிழமை ரப்பர் வெட்டப் போவான், முதல் நிலைக்காரன் திங்கக்கிழமை போர்த்திக்கிட்டு உறங்குவான்.” அப்பா ரப்பர் வெட்டுகிறவர். மாமாவும்தான். திங்கட்கிழமை உறங்குவது எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியாது.

எங்கள் டீமின் பேர் ஏழாம் லயம். மலைமேல் எஸ்டேட் இருந்த காலத்தில் இவர்கள் ஏழு பேரும் ஏழாம் எண் லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசைவீட்டில், பிறந்தவர்கள். எஸ்டேட் பூட்டி, லயமும் இடிந்துபோய் வெகுநாளாகிவிட்டது. அதற்காக யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. “மழையில உள்ளே நிக்கிறதுக்கு வெளியே நிக்கலாம், அப்படியொரு வீடு” என்பார் அப்பா. பேர் மட்டும் மஞ்சள் ஜெர்சியில் மிஞ்சியிருந்தது.

வடம்வலியில் பலத்தைவிட எடைதான் பெரிய விஷயம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏழு பேரின் எடையையும் கூட்டினால் நானூற்று ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கயிற்றையே தொடவிட மாட்டார்கள். எங்கள் டீமில் கடைசியில் நிற்கிறவர் மாமா. வடத்தின் வால் அவர் கக்கத்தில் நுழைந்து, முதுகைச் சுற்றி, தோளுக்கு மேல் வரும். முன்னால் நிற்கிற ஆறு பேரும் விட்டுக்கொடுத்தாலும் கடைசி ஆள் விடக்கூடாது. அதற்கு எடை வேண்டும். மாமா எண்பத்தைந்து கிலோ. அவர் கூடுகிற அளவுக்கு மற்றவர்கள் குறைய வேண்டும். முன்வரிசையில் நிற்கிற அப்பாதான் அதிகம் குறைய வேண்டியவர். “நான் தின்ன சோத்துக்கு என் அக்கா புருஷன் பட்டினி கிடக்காரு” என்று மாமா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அதில் கொஞ்சம் வெட்கமும் இருந்திருக்க வேண்டும். எனக்கு அது அப்போது கேட்கவில்லை.

எடை பார்த்து முடித்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு முத்திரை குத்துவார்கள். முத்திரை இருக்கிறவன்தான் களத்தில் இறங்கலாம். அது அழிந்துபோனால் போனதுதான், மறுமுத்திரை கிடையாது. ஆள் ஒன்று குறைந்தாலும் டீம் முழுவதும் வெளியே. அதனால் முத்திரை விழுந்த நிமிடத்திலிருந்து ஆண்கள் எல்லோரும் அந்தக் கையைப் பிறந்த பிள்ளையைப்போல் தூக்கிக்கொண்டு திரிவார்கள். வியர்வை படாமல் கைக்குட்டை கட்டுவார்கள், அந்தக் கையால் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள்.

அந்த சீசனின் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாவற்றுக்கும் காரணம். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஏழு பேரும் ஒன்றும் தின்னவில்லை. ஜீப்பில் போகும்போது அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கையில் வைத்திருந்த சுகியனையே பார்த்துக்கொண்டு வந்தார். பயறும் வெல்லமும் உள்ளே வைத்துப் பொரித்த அந்தப் பண்டத்தைத் தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் இருந்தேன். வளைவில் எல்லோரும் வெளியே பார்த்த நேரத்தில் அதை அப்பாவின் கையில் திணித்தேன். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். பிறகு ஒரே வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது, வெல்லம் அவ்வளவு சூடு.

எடை போட்டபோது கூட்டுத்தொகை ஐம்பது கிராம் அதிகம்.

ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். ஏழு பேரும் வெயிலில் ஓடினார்கள், பட்டினியில் வற்றிய உடம்பில் வியர்வை வரவில்லை. எச்சிலாகத் துப்பினார்கள். பக்கத்துச் சலூனிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து நாலு பேருக்கு மொட்டையடித்தார்கள், அப்பாவுக்கும் சேர்த்து. மீசையை மட்டும் தொடவிடமாட்டேன் என்று மாமா சொல்ல, மற்றவர்கள் “உங்க மீசையிலதான் அம்பது கிராம் இருக்கு” என்று திட்டினார்கள். கடைசியில் மீசையும் போனது. மறுபடி ஏறி நின்றபோதும் இருபது கிராம் மிச்சமிருந்தது. எதிர் டீம் கயிற்றைத் தொடாமலே ஜெயித்துவிட்டது.

திரும்பி வருகிற வழியெல்லாம் மாமா, மீசையில்லாத மேலுதட்டைத் தடவிக்கொண்டே, தனக்கு முப்பத்தொன்பது முடிகிறது என்றும், முதுகில் வடம் அறுத்த இடம் இந்த ஒரு சீசனுக்குத்தான் தாங்கும் என்றும், முதல் நிலையைப் பார்க்காமலே கட்டையில் போகவேண்டியதுதான் என்றும் சன்னலிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா என்னைப் பார்த்தார். சுகியனைப் பற்றி அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அடித்திருந்தால் தேவலை. அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

மறுநாள் நேராக மாடனிடம்தான் போனேன்.

கல்லாறு பாலத்துக்கு இந்தப் பக்கம், என் பெரியம்மாவின் சாயாக்கடைக்குப் பின்னால், ஒரு மருதமரத்தடியில் மாடன் கல் உண்டு. பெரியம்மா என்பது அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். பொன்முடிக்குப் போகிற வண்டிக்காரர்களுக்குச் சாயாவும், மரச்சீனிக் கிழங்கும், அவ்வப்போது வாயில் வருகிற பழமொழிகளும் கொடுத்துக்கொண்டிருந்தவர். கடைக்கு முன்னால் கூட்டமாக இருந்தபோது நான் பின்னால் போய்க் கையைக் கூப்பினேன். எங்கப்பா எடை குறையணும், குறைஞ்சா நான் இனிமேல் இனிப்பே தின்னமாட்டேன், இந்த சீசன் முடியிறவரைக்கும் ஒரு மிட்டாய்கூடத் தொடமாட்டேன் என்று சொன்னேன். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிதாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. மாடன் கல் பேசாமல் இருந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாடன் சொன்ன சொல் தவறவில்லை.

மாமா எங்கிருந்தோ ஒரு பழைய எடை மெஷின் வாங்கி எங்கள் வீட்டில் போட்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு பேரும் வந்து ஏறி நிற்பார்கள். எங்கள் அடுக்களைக் கதவின் பின்பக்கம் சாக்குக்கட்டியால் எல்லோர் எடையையும் மாமா எழுதுவார். ஓணம் முடிந்தபோது அப்பாவின் வரிசையில் அறுபத்திரண்டு என்று இருந்தது. பிறகு அறுபத்தொன்று ஆனது. நவராத்திரி கழிந்து அறுபது. அதற்குள் அப்பா பட்டினி கிடப்பதையே விட்டுவிட்டார். தட்டை நிறைத்துத் தின்றார். இரண்டு தரம் சோறு வாங்கினார். ஆனாலும் சனிக்கிழமை ஏறி நின்றால் அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று இறங்கிக்கொண்டே வந்தது.

டீமுக்குள் ஒரே கொண்டாட்டம். மற்றவர்களெல்லாம் தண்ணீருக்குக்கூட ஏங்கிக் கிடக்க, தின்றுகொண்டே மெலிகிற ஆளை யாராவது பார்த்திருக்கிறார்களா? அப்பா விட்ட எடையைக்கொண்டு மாமா ஒரு காரியம் செய்தார். நோஞ்சானாக இருந்த ஒருவரை நிறுத்திவிட்டு, பாலோடு என்ற ஊரிலிருந்து மரத்தடி லோடு ஏற்றுகிற கனத்த ஆள் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் வந்து நின்றதும் வடம் நகராமல் நின்றது. மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து ஜெயித்தோம். வீட்டில் ஆடு இரண்டானது. குலைகளைத் தொங்கவிட உத்தரத்தில் இடமில்லை.

அம்மாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. அப்பாவின் சட்டையைக் கொடியில் போடும்போதெல்லாம் அதைத் தூக்கிப் பிடித்து, தோளின் அகலத்தைப் பார்ப்பார். ஆளு பாதியா போறாரே தம்பி, ஆஸ்பத்திரிக்குக் காட்டவா என்று ஒருநாள் கேட்டார். மாமா சிரித்தார். “நீ ஒண்ணு அக்கா. மச்சான் பாதியாப் போனாத்தானே நமக்கு மீதி? சீசன் கழியட்டும், நானே பன்னியிறச்சி வாங்கிப்போட்டுத் தேத்திவிடுதேன்.” வெட்டுக்காரன் வெயிலில் ஓடி இழுத்துப் பழகினால் மெலியத்தான் செய்வான் என்று அம்மாவும் சமாதானமாகிவிட்டார். ஊரெல்லாம் பாராட்டுகிற ஒன்றை வியாதி என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

என் பயம் தொடங்கியது ஒரு மழைநாளில், பெரியம்மாவின் கடையில். சாயா குடித்துக்கொண்டிருந்த ஒருவர் லாட்டரி விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகச் சொல்ல, எவ்வளவு என்று சொல்லி வேண்டினீரா என்று பெரியம்மா கேட்டார். அதெப்படிச் சொல்வது என்றார் அவர். பெரியம்மா சாயா ஆற்றுவதை நிறுத்தினார்.

“சாமிகிட்டப் போனாலும் படியோட போகணும், கேட்டீரா. அளவு சொல்லாம கேட்டா அவரு பாட்டுக்கு அளந்துக்கிட்டே இருப்பாரு.”

பிறகு கதை சொன்னார். எஸ்டேட்டில் ஒரு வருஷம் மழையே இல்லையாம். எல்லோரும் சேர்ந்து மாடனிடம் மழை கேட்டார்களாம், எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லையாம். பெய்தது, பெய்தது, பதினொன்றாம் நாள் மலையே உருண்டு கீழே வந்து இரண்டு லயத்தை மூடிவிட்டதாம். அவர் அப்பா, அதாவது என் தாத்தா, அவரும் படி கொண்டுபோகாத ஆள்தானாம். மாடனிடம் என்ன கேட்டாரோ தெரியாது, மாடன் அடித்துவிட்டார். வயிறு நிறையத் தின்பாராம். கல்லாற்றில் மாட்டைப்போலக் குனிந்து தண்ணீர் குடிப்பாராம். ஆள் மட்டும் ஈர்க்குச்சியாகப் போய், கால் கறுத்து, கடைசியில் போய்ச்சேர்ந்தாராம். அப்போது மாமா ரொம்பச் சின்னப் பையன். ஆற்றிலிருந்து தாத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவது அவர் வேலையாம்.

பெரியம்மா இதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சாயா ஆற்றப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எடை குறையணும் என்று கேட்டேன். எவ்வளவு என்று சொன்னேனா? நினைத்து நினைத்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது அப்பா அடுக்களையில் நின்று, தலையை அண்ணாந்து, செம்புத் தண்ணீரைக் கடகடவென்று விழுங்கிக்கொண்டிருந்தார். ஒரு செம்பு முடிந்ததும் இன்னொரு செம்பு மொண்டார். கழுத்தில் எலும்பு ஏறி ஏறி இறங்கியது. அவருக்குப் பின்னால் கதவில் சாக்குக்கட்டி எண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஐம்பத்தேழு. அது ஐம்பதாகும். பிறகு நாற்பது. இருபது என்பது என் எடை. அப்பா என் எடைக்கு வந்து, என்னையும் தாண்டிக் குறைந்து, ஒரு சனிக்கிழமை மெஷினில் ஏறி நிற்கும்போது முள்ளே அசையாமல் இருக்கும்.

மறுநாள் பெரியம்மாவின் தராசிலிருந்து இருநூறு கிராம் எடைக்கல்லை எடுத்துக்கொண்டு மாடனிடம் போனேன். கல்லுக்கு முன்னால் அதை வைத்தேன். இவ்வளவுதான் கேட்டேன், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திரும் என்றேன். கேட்காமல் போய்விடக்கூடாதென்று இரண்டு தரம் சொன்னேன். கடையில் பெரியம்மா எடைக்கல்லைக் காணாமல் சாயா குடிக்க வந்தவர்களையெல்லாம் சந்தேகித்து, இரும்பைத் திருடினவன் கை துருப்பிடிக்கும் என்று சபித்துக்கொண்டிருந்தார். என் கையை நான் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஒன்றேகால் கிலோ குறைந்திருந்தது. மாமா அப்பாவைத் தூக்கிச் சுற்றினார். ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல அவ்வளவு சுலபமாக. எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மாடன் கேட்காவிட்டால் நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இனிப்புத் தின்னமாட்டேன் என்று நேர்ந்திருந்தேனே தவிர, அப்பாவுக்குக் கொடுக்கமாட்டேன் என்று நேரவில்லை. அதில் ஒரு ஓட்டை கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் மிட்டாயைப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த கேக்குத் துண்டை அப்படியே வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மாலைபோட்டு மலைக்குப் போய்வந்து கொடுத்த அரவணைப் பாயசத்தில் என் பங்கு, பொங்கலுக்கு வெல்லப்பொங்கலில் என் பங்கு, எல்லாம் அப்பாவுக்குத்தான். வெட்டுக்குப் போய்வந்து களைத்துக் கிடக்கிறவருக்குக் பால் சேர்க்காத கட்டன்சாயா போட்டுக் கொடுக்கிற வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். யாரும் பார்க்காதபோது நாலு கரண்டி சீனி. அப்பா அதைக் குடித்துவிட்டு என் தலையில் கைவைப்பார். கை சூடாக, இலேசாக இருக்கும். “என் மகள் சாயாதான் சாயா” என்பார். பிறகு இன்னும் ஒரு செம்பு தண்ணீர் கேட்பார்.

நாலு கரண்டி சீனி.

எவ்வளவு கொடுத்தும் அப்பா தேறவில்லை. ரப்பர் மரத்தில் சாய்ந்து நின்றபடியே உறங்கிவிடுகிறார் என்று தோட்டத்தில் சிரித்தார்கள். தடவை தடவையாக ஒண்ணுக்குப் போய்வந்தார். பூட்ஸ் கடித்து இடது குதிகாலில் வந்த புண் மஞ்சள் பற்றுப் போட்டும் ஆறாமல் ஈரமாகவே இருந்தது. அப்பா அதைத் துணியால் சுற்றி பூட்ஸுக்குள் ஒளித்துக்கொண்டு இழுக்கப் போனார். முன்வரிசைக்காரன் குதிகாலை மண்ணில் குத்தித்தான் நிற்கவேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மல்லாந்து சாயும்போது, மற்றவர்கள் வடத்தைப் பார்ப்பார்கள், நான் அந்தக் குதிகாலைப் பார்ப்பேன். ஜெயிக்கக்கூடாது என்று நான் வேண்டாத ஞாயிறு இல்லை. தோற்றால் சீசன் முடியும், சீசன் முடிந்தால் மாடன் நிறுத்திவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. அவர்களோ ஜெயித்துக்கொண்டே போனார்கள். அப்படித்தான் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. அன்று ஜெயித்தால் முதல் நிலை.

அதனால்தான், மாடன் தந்த வரமல்லே நீங்க என்று மாமா சொன்னதும் என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “மாடனா தரல்ல மாமா, நான்தான் கேட்டேன்” என்றேன்.

மாமா சிரித்துக்கொண்டே குனிந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சுகியன் தின்னக் கொடுத்தது, மாடனிடம் போனது, அளவு சொல்லாமல் விட்டது, பெரியம்மாவின் எடைக்கல்லைத் திருடியது. எடைக்கல் வந்தபோது மாமா வாய்விட்டுச் சிரித்தார், சுற்றி நின்றவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். நான் விடவில்லை. நிறுத்தச் சொல்லுங்க மாமா, நான் தினமும் இனிப்புக் கொடுக்கிறேன், நாலு கரண்டி சீனி போடுகிறேன், எவ்வளவு கொடுத்தாலும் அப்பா குறைந்துகொண்டே போகிறார், தாத்தா மாதிரி தண்ணி குடிக்கிறார் என்று அழுதேன்.

மாமாவின் சிரிப்பு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். தாத்தா என்ற சொல்லில் நின்றது.

“எவ்வளவு தண்ணி குடிக்கும் மோளே?” என்று கேட்டார். ஒரு குடம் என்றேன். வேறென்ன என்று கேட்டார். குதிகாலைச் சொன்னேன். அப்பா அதெல்லாம் ஒன்றுமில்லை என்று காலை இழுத்துக்கொண்டார். மாமா மண்ணில் மண்டிபோட்டு உட்கார்ந்து, அப்பாவின் இடது பூட்ஸின் முடிச்சை அவிழ்த்தார். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. அதை மெதுவாகப் பிரித்தபோது வந்த வாடைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமா திருப்பவில்லை. ரொம்ப நேரம் அந்தக் காலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். புண்ணின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

மைக்கில் ஏழாம் லயம், ஏழாம் லயம் என்று கூப்பிட்டார்கள். எதிர் டீம் ஏற்கனவே களத்தில் இறங்கி மண்ணை மிதித்துக்கொண்டிருந்தது. பாலோட்டுக்காரர் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்தபடி வந்து, நேரமாகுது என்றார்.

அப்பா பூட்ஸைக் கையில் எடுத்தார். “விடு மாப்ள. இன்னைக்கு ஒரு நாள் இழுத்துக்கிடுதேன். நாளைக்கு நீ எங்க கூப்பிட்டாலும் வாறேன்.”

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். “எங்கப்பனும் நாளைக்குன்னுதான் சொன்னாரு மச்சான்” என்றார்.

அன்று மத்தியானமே அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்பதும், இரத்தத்தில் சர்க்கரை என்ற சொல்லை எங்கள் வீடு முதல்முறையாகக் கேட்டது அன்றுதான் என்பதும், இன்னும் சில நாள் போயிருந்தால் காலோ ஆளோ மிஞ்சியிருக்காது என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்பாவின் குதிகாலில் ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சியது. அவர் இன்றைக்கும் தினமும் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டு, சீனி போடாத கட்டனை முகம் சுளித்துக் குடித்துக்கொண்டு, எழுபது கிலோவாக இருக்கிறார். மாமா முதல் நிலையைப் பார்க்கவில்லை. அடுத்த ஓணத்துக்கு அவர் முதுகு தாங்கவில்லை. திங்கட்கிழமைகளில் ரப்பர் வெட்டப் போனார். ஐம்பத்தைந்து வயதுவரை போனார். அந்த நாளைப் பற்றி ஒரு குத்தல் பேச்சுகூட அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. மாமா கட்டைவிரலில் எச்சில் தொட்டு அப்பாவின் முத்திரையைத் தேய்ப்பதைப் பார்த்தேன், மாடனின் கணக்கை அழிக்கிற வித்தை அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். முத்திரை போனால் எடையெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மை இருக்கிறது மாமா என்று விரலால் காட்டியும் கொடுத்தேன்.

மைக்கில் மூன்றாம் தடவை கூப்பிட்டார்கள். மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் முன்கையைத் தன் தொடைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை மறுபடி நாக்கில் தொட்டு, நான் காட்டிய இடத்தையும் தேய்த்து அழித்தார்.